குழந்தையின் தொண்டையில் வெள்ளையாகத் தெரிகிறதா? படத்தை நீட்டி மருந்து கேட்பதற்கு முன்

சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் எங்கள் கடைக்குத் தொண்டைப் படங்கள் வரத் தொடங்கிவிடும். செங்கோட்டையில் ஒரு மருந்துக்கடையில் நான் பார்மசிஸ்ட். முன்பெல்லாம் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணாச்சி, இவன் வாயைக் கொஞ்சம் பாருங்க" என்பார்கள். இப்போது போனை நீட்டுகிறார்கள். டார்ச் வெளிச்சத்தில் ஒரு சின்ன வாய், பால் பற்கள், நடுவில் மங்கலாக உள்நாக்கு, அதற்கு இரு பக்கமும் சிவந்த மேடு, மேட்டின் மேல் வெள்ளையாக ஏதோ ஒன்று. "இதுக்கு என்ன மருந்து குடுப்பீங்க?"

போன ஆனியில் ஒரே வாரத்தில் இப்படி இரண்டு படங்கள் வந்தன. ஒன்று 12 வயதுப் பெண்ணின் தொண்டை, இன்னொன்று 7 வயதுப் பையனுடையது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது யாருடையது என்று பெற்றவர்களே தடுமாறியிருப்பார்கள். கடைசியில் அந்தப் பெண்ணுக்கு மருந்தே தேவைப்படவில்லை. பையனுக்கு 10 நாள் ஆன்டிபயாடிக் ஓடியது. வெள்ளை என்பது ஒரு நோயின் பெயர் இல்லை. அது எதனால் வந்தது என்பதைக் கூட இருக்கிற மற்ற அறிகுறிகள்தான் சொல்லும்: காய்ச்சல், இருமல், கழுத்து, வாய் நாற்றம், பிள்ளை சாப்பிடுகிற விதம், அது போட்டுக்கொண்ட தடுப்பூசிகள். இவற்றை எப்படிப் பார்ப்பது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் டான்சில் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். வாயை நன்றாகத் திறந்தால் உள்நாக்குக்கு இரண்டு பக்கமும், தொண்டைச் சுவரோடு ஒட்டினாற்போல், இரண்டு சதை மேடுகள் தெரியும். அவைதான். வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் நுழைகிற கிருமியை வாசலிலேயே பிடித்து, 'இது எதிரி' என்று உடம்புக்கு அடையாளம் காட்டிக்கொடுப்பது அவற்றின் வேலை. அதற்காகவே அவற்றின் மேற்பரப்பு வழவழப்பாக இல்லாமல் குழி குழியாக இருக்கும். ஆப்பத்தின் நடுப்பகுதியை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஒவ்வொரு டான்சிலிலும் பத்து இருபது குழிகள் உண்டு, சில உள்ளே ஆழமாகப் போகும். வெள்ளையாக நாம் பார்க்கிற பலதும் இந்தக் குழிகளின் வாயில்தான் இருக்கிறது.

"சதை வளர்ந்திருக்கு" என்று நம் ஊரில் சொல்கிற வார்த்தை எத்தனையோ தாய்மார்களைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது. டான்சில் புதிதாக முளைக்கிற கட்டி கிடையாது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பிறக்கும்போதே இருப்பது. பள்ளிக்கூடம் போக ஆரம்பிக்கிற வயதில், அதாவது சுமார் 4 முதல் 8 வயது வரை, பெரிதாக இருக்கும். புதுப் புதுக் கிருமிகளைச் சந்திக்கிற காலம் அதுதானே. பதின்வயதுக்கு மேல் தானாகச் சுருங்கும். நல்லா விளையாடுகிற, நல்லா தூங்குகிற பிள்ளைக்கு டான்சில் பெரிதாக இருந்தால் அது பெரிதாக இருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, அந்த 12 வயதுப் பெண். காய்ச்சல் இல்லை. விழுங்கும்போது வலி இல்லை. "தொண்டையில என்னமோ உறுத்துது" என்றாள். அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னது: பல் தேய்த்தாலும் வாய் நாறுகிறது. இது டான்சில் கல். கல் என்றதும் பயப்பட வேண்டாம், சிறுநீரகக் கல்லுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தக் குழிகளில் சாப்பாட்டுத் துணுக்கும், உதிர்ந்த செல்களும், பாக்டீரியாவும் சேர்ந்து, கொஞ்சம் சுண்ணாம்புச் சத்தும் படிந்து, அரிசிக் குருணை மாதிரி இறுகிக்கொள்கிறது. உள்ளே இருக்கிற பாக்டீரியா கந்தகம் கலந்த வாயுக்களை வெளியிடுவதால்தான் அந்த அழுகின முட்டை நாற்றம். சின்னக் குழந்தைகளிடம் இது அபூர்வம். பதின்வயதுப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் அதிகம். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் நாலு நாள் கொப்பளித்தாள், ஒரு நாள் இருமும்போது தானே வந்து விழுந்துவிட்டது. அம்மா அதை ஒரு காகிதத்தில் மடித்துக் கடைக்கே கொண்டுவந்து காட்டினார். புட்டுத் துகள் அளவுதான். நாற்றம் மட்டும் அந்த அளவில் இல்லை.

ஹேர்பின்னாலும் பட்ஸாலும் இதை நோண்டி எடுக்கிற வீடியோக்கள் போனில் சுற்றுகின்றன. தயவுசெய்து பிள்ளைகளிடம் அதைச் செய்யாதீர்கள். டான்சிலுக்கு ரத்த ஓட்டம் அதிகம், கீறினால் எளிதில் ரத்தம் வரும். பிள்ளை திமிறினால் குச்சி உள்ளே போய்விடும்.

அடுத்து அந்த 7 வயதுப் பையன். முந்தின நாள் சாயங்காலம் வரை தெருவில் ஓடிக்கொண்டிருந்தவன், ராத்திரி 102 டிகிரி. எச்சில் விழுங்கவே அழுகிறான். இருமல் இல்லை, மூக்கும் ஒழுகவில்லை. தாடைக்குக் கீழே, கழுத்தின் முன்பக்கம், இரண்டு பக்கமும் நெறி கட்டியிருக்கிறது, தொட்டால் கையைத் தட்டிவிடுகிறான். டான்சில் இரண்டும் செக்கச் சிவந்து, மேலே தயிர் தெளித்த மாதிரி வெள்ளை. இது குழியில் தங்கின அழுக்கு இல்லை. கிருமியோடு சண்டை போட்டுச் செத்த வெள்ளணுக்களும் சீழும்தான் இப்படி வெளியே படிகிறது.

இப்படிப் பார்த்ததும் டாக்டர் மனதில் முதலில் வருவது ஸ்ட்ரெப் என்கிற பாக்டீரியா. 5 முதல் 15 வயது வரைதான் இதன் முக்கிய விளையாட்டு மைதானம். 3 வயதுக்குக் கீழே குறைவு. பள்ளி வயதில் தொண்டை வலி என்று வருகிற பிள்ளைகளில் சுமார் 20 முதல் 30 சதவீதம் பேருக்குத்தான் ஸ்ட்ரெப் இருக்கும். மிச்சம் பெரும்பாலும் வைரஸ். வைரஸும் டான்சில் மேல் வெள்ளையாகப் படியவைக்கும், அங்கேதான் குழப்பமே. அடினோ வைரஸ் வந்தால் தொண்டையில் வெள்ளையோடு கண்ணும் சிவக்கும். மூக்கு ஒழுகினால், இருமினால், குரல் கட்டினால் தராசு வைரஸ் பக்கம் சாய்கிறது. இருமல் இல்லாத காய்ச்சல், வலிக்கிற நெறி, வெள்ளை படிந்த டான்சில், பள்ளி வயது இவையெல்லாம் ஒன்றாகக் கூடினால் ஸ்ட்ரெப் பக்கம். அப்போதும் அது சாய்வுதான், முடிவு இல்லை. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் தொண்டையில் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துச் சோதிக்க வேண்டும். சில நிமிடங்களில் முடிவு சொல்கிற ரேபிட் டெஸ்ட் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. எடுத்த கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சருக்கு ஒன்றிரண்டு நாள் ஆகும்.

ஸ்ட்ரெப்பை ஏன் இவ்வளவு தேடுகிறார்கள்? தொண்டை வலிக்காக மட்டும் இல்லை. அது ஒரு வாரத்தில் தானாகவே அடங்கக்கூடியதுதான். பயமெல்லாம் அதற்குப் பின்னால் வருவதைப் பற்றித்தான். மருந்து கொடுக்காமல் விட்ட சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து ருமாட்டிக் காய்ச்சல் வருகிறது. முழங்கால், கணுக்கால் என்று மூட்டு மூட்டாக வீங்கும், இதய வால்வும் கெடலாம். நம் நாட்டில் முப்பது வயதில் வால்வு ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் பலருக்கு ஆரம்பம், குழந்தைப் பருவத்தில் யாரும் கண்டுகொள்ளாத ஒரு தொண்டை வலி. தொண்டை வலி தொடங்கிய 9 நாளுக்குள் சரியான ஆன்டிபயாடிக் ஆரம்பித்தாலே இதைத் தடுத்துவிடலாம். அதனால் சோதனை முடிவுக்காக ஒன்றிரண்டு நாள் காத்திருக்கச் சொன்னால், டாக்டர் பிள்ளையைக் கவனிக்கவில்லை என்று கோபப்பட வேண்டாம். இன்னொன்றும் உண்டு: தொண்டை வலி போய் ஒன்று முதல் மூன்று வாரத்தில் முகம் வீங்கி, சிறுநீர் கட்டன் காப்பி நிறத்தில் போனால் உடனே காட்ட வேண்டும், அது சிறுநீரகப் பாதிப்பு.

பையனின் அம்மா அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவர். மாமனார் வீட்டில் எல்லாரும் வழக்கமாகப் பார்க்கிற டாக்டர் கேரளத்துப் புனலூரில் என்பதால் மலை இறங்கிப் போயிருக்கிறார்கள். 1956 வரை திருவிதாங்கூரில் இருந்த ஊர் எங்களுடையது. பாதிப் பேர் தென்காசி, திருநெல்வேலி என்று போவார்கள், பாதிப் பேருக்கு இன்னும் புனலூரும் திருவனந்தபுரமும்தான் வைத்தியம். டாக்டர், "பனி உண்டோ?" என்று கேட்டிருக்கிறார். "உண்டு டாக்டர், காலையில ஏழு மணி வரைக்கும் ரோடே தெரியாது" என்று இந்த அம்மா சொல்லியிருக்கிறார். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல் என்று பக்கத்திலிருந்த மாமியார் சொல்லித்தான் தெரிந்தது. சிரிப்பு வந்தாலும் விஷயம் சிரிப்பில்லை. டாக்டரிடம் போகும்போது நாலு வரி எழுதிக்கொண்டு போனால் எந்த மொழியிலும் வேலை நடக்கும்: காய்ச்சல் எத்தனை நாள், தெர்மாமீட்டரில் எவ்வளவு, என்ன மருந்து ஏற்கெனவே கொடுத்தீர்கள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. தடுப்பூசி அட்டையைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தடுப்பூசி அட்டை ஏன் என்கிறீர்களா? தொண்டை அடைப்பான், அதாவது டிஃப்தீரியா. அதில் வருகிற வெள்ளை வேறு ரகம். புள்ளி புள்ளியாக இல்லாமல், சாம்பல் கலந்த வெள்ளையில் தோல் மாதிரி ஒரே படலமாக டான்சிலைப் போர்த்தி, சில நேரம் உள்நாக்கு வரைக்கும் படரும். ஒட்டிப் பிடித்திருக்கும், உரித்தால் ரத்தம் வரும். கழுத்து வீங்கி மாட்டுக் கழுத்து மாதிரி ஆகலாம். காய்ச்சல் பெரிதாக இருக்காது, பிள்ளை மட்டும் துவண்டுவிடும். அந்தக் கிருமி விடுகிற நஞ்சு இதயத்தையும் நரம்புகளையும் தாக்குகிறது. பழைய காலத்து நோய் என்று நினைத்துவிட வேண்டாம். எல்லைக்கு அந்தப் பக்கம் மலப்புரத்தில் 2016-இல் தடுப்பூசி விட்டுப்போன பிள்ளைகளிடையே மறுபடியும் தலைகாட்டி உயிரையும் வாங்கியது. 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட் என்கிற ஐந்து நோய்க்கான கூட்டு ஊசி, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒரு பூஸ்டர், 5 முதல் 6 வயதில் இன்னொன்று, 10 வயதிலும் 16 வயதிலும் Td என்கிற டெட்டனஸ்-டிஃப்தீரியா ஊசி, இவைதான் கணக்கு. கைக்குழந்தைக்குப் போடுவதை யாரும் மறப்பதில்லை. ஐந்து வயது ஊசியைத்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். விட்டுப்போயிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், நம் பக்கம் புதன்கிழமை தடுப்பூசி நாள்.

வெள்ளைக்கு இன்னும் சில முகங்கள் உண்டு. 2022 மே மாதம் கொல்லம் மாவட்டத்தில் 'தக்காளிக் காய்ச்சல்' என்று கிளம்பி, வாளையாறு சோதனைச் சாவடியில் குழந்தைகளுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தது நினைவிருக்கும். பெயர்தான் பயங்கரம், அது கை கால் வாய் நோயின் ஒரு வகை. இதில் அண்ணத்திலும் டான்சிலைச் சுற்றியும் சின்னக் கொப்புளம் கிளம்பி, உடைந்து, சிவப்பு விளிம்போடு வெள்ளைப் புண்ணாகும். உள்ளங்கை, உள்ளங்கால், பிட்டம் இவற்றையும் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். வைரஸ்தான், ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும், ஆன்டிபயாடிக்கால் ஒரு பயனும் இல்லை. கைக்குழந்தைக்கு நாக்கிலும் கன்னத்தின் உள்ளேயும் பால் ஆடை போல ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சை. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்கிற பிள்ளைகளுக்கும் வரும், இழுத்தபின் வாய் கொப்பளித்தால் குறையும். ஒரு பக்க டான்சில் மட்டும் தனியாகப் பெரிதாகிக்கொண்டே போனால், வலி இல்லையென்றாலும், காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இனி என் கவுண்டர் பக்கத்து விஷயம். ஆன்டிபயாடிக்கைச் சீட்டு இல்லாமல் கேட்டு யாராவது தினமும் வருகிறார்கள். கேரளத்தில் 2024 ஜனவரியிலிருந்து இதற்கென்றே 'ஆபரேஷன் அமிர்த்' என்று கடை கடையாகச் சோதனை போடுகிறார்கள். சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்ற சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். சட்டத்தை விடுங்கள், இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. சுரப்பிக் காய்ச்சல் என்று ஒரு வைரஸ் நோய் உண்டு, எப்ஸ்டீன்-பார் வைரஸால் வருவது. அதிலும் டான்சிலில் திட்டுத் திட்டாக வெள்ளை, கழுத்தெல்லாம் நெறி, ஸ்ட்ரெப்பின் இரட்டைப் பிறவி மாதிரி இருக்கும். அதற்குப் பென்சிலின் வகை ஆன்டிபயாடிக்கான அமாக்ஸிசிலினைக் கொடுத்தால் பல பேருக்கு உடம்பு முழுக்கச் சிவப்பாகத் தடித்துவிடும். பிறகு 'இந்தப் பிள்ளைக்குப் பென்சிலினே ஆகாது' என்று வாழ்நாள் முழுக்க ஒரு தவறான முத்திரை.

சீட்டோடு வாங்கினவர்கள் செய்கிற தப்பு வேறு. அந்தப் பையனின் அப்பா நாலாம் நாள் வந்தார். "காய்ச்சல் விட்டுட்டு அண்ணாச்சி, பிரிக்காத பாட்டில் ஒண்ணு இருக்கு, எடுத்துக்கிடுறீங்களா?" ஸ்ட்ரெப்புக்கு அமாக்ஸிசிலின் 10 நாள் என்பதுதான் கணக்கு. காய்ச்சல் இரண்டு மூன்று நாளில் விட்டுவிடும், கிருமி தொண்டையில் ஒளிந்துகொண்டிருக்கும். இதய வால்வைக் காப்பாற்றுகிற வேலை அந்த மீதி ஏழு நாளில்தான் இருக்கிறது. இன்னொரு குழப்பம் அந்தப் பவுடர் பாட்டில். ஆறவைத்த கொதிநீரைக் கோடு வரை ஊற்றிக் கலக்கினால், லேபிளில் போட்ட நாளுக்குள், பெரும்பாலும் 7 நாளுக்குள், தீர்த்துவிட வேண்டும். அதனால் 10 நாளுக்கு ஒன்றுக்கு மேல் பாட்டில் தேவைப்படும். 'பாட்டில் தீர்ந்தது, மருந்து முடிந்தது' என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். நான் அவரைக் கையோடு திருப்பி அனுப்பினேன். வியாபாரத்துக்காகச் சொல்கிறேன் என்றுதான் முதலில் நினைத்தார்.

பாராசிட்டமால் சிரப்பிலும் ஒரு கண் வையுங்கள். 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் இருக்கிற பாட்டிலும் உண்டு, 250 இருக்கிற பாட்டிலும் உண்டு. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100. பெட்டி பார்க்க ஒன்று போலவே இருக்கும். அண்ணனுக்கு வாங்கின பாட்டிலிலிருந்து தம்பிக்கு 'அதே ஒரு மூடி' ஊற்றினால் அளவு இரண்டு மடங்காகிவிடலாம். வயதைவிட எடையைச் சொல்லி அளவு கேளுங்கள். ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியது எளிமை. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், கஞ்சி, ரசம் கலந்து குழைத்த சாதம். குளிர்ந்தது இதமாக இருக்கிறது என்று பிள்ளை கேட்டால் கொடுக்கலாம். ஐஸால்தான் டான்சில் வருகிறது என்று பழியைத் தூக்கிப் போடுகிறோம், கிருமி வருவது பக்கத்துப் பெஞ்ச் பிள்ளையிடமிருந்து. துப்பத் தெரிந்த வயதுக்கு மேல் உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பு. ஒரு வயதுக்கு மேல் கொஞ்சம் தேன், அதற்குக் கீழே தேன் கூடவே கூடாது. ஸ்ட்ரெப் என்றால் மருந்து ஆரம்பித்து ஒரு நாள் ஆகி, காய்ச்சலும் இல்லாமல் இருந்தால் பள்ளிக்கு அனுப்பலாம்.

செய்யக் கூடாததும் நம் ஊரில் உண்டு. உள்நாக்கு விழுந்துவிட்டது என்று உப்பைத் தொட்டு விரலால் அழுத்துவது, சுண்ணாம்பு தடவுவது, தொக்கம் எடுக்கப் போவது. எங்கள் ஆச்சியும் எனக்கு உள்நாக்கு அழுத்தியவர்தான், அன்பில் குறையில்லை. ஆனால் சீழ் பிடித்த இடத்தில் நகம் பட்டால் என்ன ஆகும் என்று கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். சுண்ணாம்பு தொண்டையைப் புண்ணாக்கும், அவ்வளவுதான் அது செய்கிற வேலை.

இவற்றில் எது வந்தாலும் காலைவரை காத்திருக்கக் கூடாது: மூச்சு இழுக்கும்போது சத்தம், எச்சிலை விழுங்க முடியாமல் வழியவிடுவது, முன்னால் குனிந்து உட்கார்ந்துகொண்டு படுக்க மறுப்பது, வாயைத் திறக்கவே முடியாமல் போவது, ஒரு பக்கம் மட்டும் புடைத்து உள்நாக்கு மறுபக்கம் தள்ளப்பட்டிருப்பது, வாயில் சூடான எதையோ வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரிக் குரல், கழுத்தைத் திருப்ப முடியாமை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது. எச்சில் வழிந்து மூச்சுத் திணறுகிற பிள்ளையின் வாயில் கரண்டியை விட்டுப் பார்க்க முயலாதீர்கள், அடைப்பு கூடிவிடும். உட்கார்ந்த நிலையிலேயே தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். 108 மலைக்கு இரண்டு பக்கமும் அதே எண்தான்.

"எடுத்துரலாமா?" என்பது கடைசியில் எல்லாரும் கேட்கிற கேள்வி. வெள்ளை தெரிந்ததற்காக யாரும் டான்சிலை எடுப்பதில்லை. ஒரு வருடத்தில் 7 தடவை, அல்லது இரண்டு வருடம் தொடர்ந்து வருடத்துக்கு 5, அல்லது மூன்று வருடம் தொடர்ந்து வருடத்துக்கு 3 என்று காய்ச்சலோ நெறியோ சேர்ந்த தொண்டை வலி வந்திருந்தால் ஆபரேஷன் பற்றிப் பேசலாம் என்பதுதான் டாக்டர்கள் பரவலாகப் பின்பற்றுகிற கணக்கு. தூக்கத்தில் குறட்டை விட்டு, நடுவில் மூச்சே நின்று, திடுக்கிட்டு எழுகிற பிள்ளைக்கு இந்த எண்ணிக்கையெல்லாம் பார்க்க மாட்டார்கள், அது தனிக் காரணம். கணக்கு என்று வந்துவிட்டதால் எழுதி வைக்க வேண்டும், 'மாசா மாசம் வருது' என்று சொல்வது எந்த டாக்டருக்கும் உதவாது. பையனின் அப்பாவுக்கு எங்கள் கடை மாதக் காலண்டர் ஒன்றைக் கொடுத்தேன். தினசரிக் காலண்டரில் குறித்தால் மறுநாள் கிழித்துவிடுவோமே. அடுக்களைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறாராம். ஆனியில் ஒரு வட்டம், ஐப்பசியில் ஒரு வட்டம், இதுவரை இரண்டு.